அஞ்சறைப்பெட்டியைத் திறக்கச் சொல்லும் செயலி

இந்திய மசாலாப் பொருள்களைக் கற்றுத்தரும் செயலி ஒன்றின் சோதனைப் பதிப்பு என் ஆண்ட்ராய்டு போனில் இருக்கிறது. ஒரு சிறு குழு உருவாக்கிவரும் இதற்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை. ப்ளே ஸ்டோருக்கு வரும் முன் பயன்படுத்திப் பார்த்துக் கருத்துச் சொல்லக் கேட்டார்கள். அடுப்பு எரியும் நேரத்தில், சமையலறை மேடையில் வைத்துத்தான் இதைச் சோதித்தேன். சோபாவில் சாய்ந்துகொண்டு பார்த்தால் இந்த வகைச் செயலிகள் எல்லாமே அழகாகத்தான் தெரியும்.

திறந்ததும் வட்டமான எவர்சில்வர் அஞ்சறைப்பெட்டி ஒன்று திரையில் வருகிறது. கிண்ணங்கள் காலியாக இருக்கின்றன. நம் வீட்டில் என்னென்ன இருக்கிறதோ அதைத் தொட்டு நிரப்ப வேண்டும். அதன்பின் வரும் பாடங்கள் எல்லாம் நாம் நிரப்பியவற்றைப் பற்றி மட்டுமே. இந்த ஒரு முடிவுக்காகவே குழுவைப் பாராட்டுவேன். நறுமணப் பொருள் வாரியச் சட்டத்தின் பட்டியலில் மட்டும் 52 பொருள்கள் இருக்கின்றன. அத்தனையையும் அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு படமும் இரண்டு பத்தியும் கொடுத்துவிட்டால் செயலி முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். அப்படி ஒன்றைத் திறந்தவர் ஏலக்காய் வரை படித்துவிட்டு மூடிவிடுவார். கையெட்டும் தூரத்தில் இருக்கும் பொருளிலிருந்து தொடங்கினால்தான் பாடம் நிற்கும். காரணம் எளிது. போனுக்கு மூக்கு கிடையாது, நாக்கும் கிடையாது. மசாலாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி அந்த இரண்டின் வழியாகத்தான் வரும். ஆகவே திரையிலிருந்து நம்மைப் பெட்டிக்கு அனுப்பும் செயலிதான் நல்ல செயலி.

இதைக் கடுகுப் பாடம் அருமையாகச் செய்கிறது. நாலு பச்சைக் கடுகை வாயில் போட்டுக் கடிக்கச் சொல்கிறது. முதலில் ஒன்றும் தெரியாது, லேசான கசப்புதான். சில நொடிகள் கழித்து மூக்கில் சுரீரென்று ஏறும். கடுகு உடைந்து ஈரம் பட்டால்தான் அதற்குள் தனித்தனியாக இருக்கும் ஒரு நொதியும் ஒரு வேதிப்பொருளும் சேர்ந்து அந்தக் காரத்தை உண்டாக்குகின்றன என்று அப்போது திரை விளக்குகிறது. அடுத்து, தாளித்த கடுகைக் கடிக்கச் சொல்கிறது. காரம் இல்லை, வறுத்த பருப்பின் வாசம் மட்டும். சூட்டில் நொதி செயலிழந்துவிடுகிறது. ஆவக்காய் ஊறுகாய்க்குப் பச்சைக் கடுகை அரைத்துச் சேர்ப்பதும், ரசத்துக்கு முழுக் கடுகைப் பொரிப்பதும் ஏன் என்பது நாக்கிலேயே புரிந்துவிடுகிறது. வங்காளத்தின் காசுந்தி என்ற கடுகு விழுதுக்கும் இதே விளக்கம் பொருந்தும். அதை ஒரே வரியில் தொட்டுவிட்டுப் போகிறார்கள், இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

பாடத்தின் கடைசியில், கடுகு பொரியும் சத்தத்தைப் பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள். முதல் வெடிப்பு, பிறகு படபடவென்று உச்சம், பிறகு அடங்குவது. அடங்கத் தொடங்கும் இடத்தில் திரை பச்சையாகிறது. கறிவேப்பிலையை அப்போது போட வேண்டும். இதை என் அத்தையிடம் காட்டினேன். காதருகே போனை வைத்துக் கேட்டுவிட்டு, "சத்தம் சரியாத்தான் இருக்கு. ஆனா எண்ணெய் காஞ்சிருச்சான்னு எப்படிப் பாக்கணும்னு சொல்லலையே! ரெண்டு கடுகைப் போட்டுப் பாத்துட்டு, அது வெடிச்சப்புறம் மீதியைப் போடணும்னு சேக்கச் சொல்லு" என்றார். அந்த இரண்டு கடுகு இல்லாததால்தான் புதிதாகச் சமைப்பவர்களின் தாளிப்பு ஒன்று ஊறிப்போகிறது, இல்லையென்றால் கருகிப்போகிறது. அத்தை சொன்னதை அப்படியே குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.

மிளகுப் பாடமும் நன்று. ஒரே கொடியின் காய் பச்சை மிளகாகவும் கறுப்பு மிளகாகவும் வெள்ளை மிளகாகவும் மாறுவதை விரலால் இழுத்து இழுத்துப் பார்க்கலாம். முற்றிய பச்சைக் காயை உலர்த்தினால் தோல் சுருங்கிக் கறுப்பு மிளகு. பழுத்ததை ஊறவைத்துத் தோலை உரித்தால் வெள்ளை மிளகு. கூடவே ஒரு கலப்படச் சோதனையும் உண்டு: தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு மூழ்கும், பப்பாளி விதை மிதக்கும். மஞ்சள்தூளுக்கும் இதேபோல ஒரு டம்ளர் தண்ணீர்ச் சோதனை. நல்ல தூள் வெளிர்மஞ்சளாகக் கலங்கி அடியில் படியும். செயற்கை நிறம் கலந்திருந்தால் தண்ணீரே அடர்மஞ்சளாகிவிடும். இவை உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீட்டுச் சோதனைக்காகச் சொல்லும் முறைகள். செலவில்லாதவை, உடனே செய்து பார்க்கக்கூடியவை.

இனி கேமரா. செயலியின் விளம்பரப் படத்தில் முதலிடம் இதற்குத்தான், எனக்குப் பெரிய ஏமாற்றமும் இதில்தான். பொருளைப் படம் பிடித்தால் பெயர் சொல்லும் என்கிறார்கள். மஞ்சள், கிராம்பு, அன்னாசிப்பூ போன்ற தனி உருவம் உள்ளவற்றைத் தயங்காமல் சொல்கிறது. இலங்கைப் பட்டையையும் கேசியா என்ற இன்னொரு வகைப் பட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது இரண்டுக்கும் ஒரே விடை. இலங்கைப் பட்டை தாள்போல மெல்லிய அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டது, விரலால் நொறுக்கலாம். கேசியா தடித்த ஒற்றைச் சுருள், உடைக்கவே பலம் வேண்டும். கேசியாவில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம். தினமும் நிறையச் சாப்பிட்டால் கல்லீரலுக்கு ஆகாது. எனவே வேறுபாடு தெரிந்தே ஆக வேண்டிய இடம் இது. கல்பாசியைக் காட்டினால் காய்ந்த இலை என்றது. செட்டிநாட்டு மசாலாவுக்கு அடையாளமான கல்பாசி இலையும் இல்லை, பட்டையும் இல்லை. பாறையிலும் மரத்திலும் படரும் லைக்கன். சீரகத்தையும் சோம்பையும் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்றி மாற்றிச் சொல்கிறது.

தவறு வருவதைவிட, அது "92% உறுதி" என்று எண்ணோடு வருவதுதான் எனக்கு வருத்தம். கற்றுக்கொள்ள வந்தவர் அந்த எண்ணை நம்பிவிடுவார். கேமரா சந்தேகப்படும்போது விடை சொல்லாமல், "கையில் ஒடித்துப் பாருங்கள், அடுக்கு எத்தனை?", "உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள்" என்று கேட்கலாமே! கடுகுப் பாடத்தை வடிவமைத்தவர்களுக்கு இது கடினமே இல்லை.

வரைபடப் பகுதியில் ஊர் ஊராகப் புள்ளிகள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சள், மேகாலயாவின் லகடாங் மஞ்சள், இடுக்கி ஏலக்காய், அது ஏலத்துக்கு வரும் போடிநாயக்கனூர், குஜராத்தின் உஞ்சா சீரகச் சந்தை, காஷ்மீரின் பாம்போர் குங்குமப்பூ வயல்கள். பார்க்க இனிமை. ஆனால் மிளகாயை வெறும் கார அளவுகோலில் நிறுத்திவிட்டார்கள். வில்பர் ஸ்கோவில் 1912இல் உருவாக்கிய அந்த அளவுகோலில் கர்நாடகத்தின் பியாடகி மிளகாய் கீழே கிடக்கிறது, அசாம் பக்கத்து பூத் ஜொலோக்கியா பத்து லட்சத்தைத் தாண்டி உச்சியில் நிற்கிறது. பியாடகியை யாரும் காரத்துக்காக வாங்குவதில்லை, அதன் சிவப்புக்காக வாங்குகிறார்கள். நிறத்துக்கும் ஓர் அளவுகோல் பக்கத்தில் இருந்தால்தான் குழம்புப்பொடிக்கு இரண்டு வகை மிளகாயைக் கலப்பது ஏன் என்று புரியும்.

உடனே திருத்த வேண்டிய இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. ஒன்று பெருங்காயம். ஃபெருலா என்ற செடியின் வேர்ப்பாலிலிருந்து வருவது, ஆப்கானிஸ்தான், ஈரான் நாடுகளிலிருந்து இறக்குமதியாவது, 2020இல் இமாச்சலின் லாஹௌல் பள்ளத்தாக்கில் சாகுபடி முயற்சி தொடங்கியது என்பதெல்லாம் சரியாக இருக்கிறது. கடையில் நாம் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மைதா அல்லது அரிசி மாவும் கருவேலம் பிசினும் சேர்ந்திருக்கும் என்பது எங்குமே இல்லை. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது உடல்நலப் பிரச்சினை. டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லும் ஒரு வரி போதும்.

இன்னொன்று "மருத்துவக் குணங்கள்" பக்கம். மஞ்சள் இன்னின்ன நோயைக் குணமாக்கும் என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். இந்தக் குணங்களுக்குக் காரணமாகச் சொல்லப்படும் கர்க்குமினின் பங்கு மஞ்சளில் பொதுவாக நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்துதான், அதுவும் உடலில் எளிதில் சேர்வதில்லை. சாம்பாரில் போடும் கால் டீஸ்பூனை வைத்து நோய் தீரும் என்று சொல்வது, மாத்திரையை நிறுத்திவிடத் துணியும் ஒருவரின் கையில் ஆபத்து. இந்தப் பக்கத்தை மொத்தமாக எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. இதில் சமரசம் வேண்டாம்.

தொழில்நுட்பமாகக் குறை குறைவு. இணையம் இல்லாமலும் பாடங்கள் ஓடுகின்றன. தமிழ் எழுத்து எங்கும் உடையவில்லை. படிக்கும் குரலும் இயல்பாக இருக்கிறது. சமையல் பாடம் ஓடும்போது திரை அணைவதில்லை, அடுத்த படிக்குப் போகும் பொத்தான் ஈரக்கையின் புறங்கையால் தொடும் அளவுக்குப் பெரிது. தொடர்புகள் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்கிறது. மசாலா கற்றுத்தர அது எதற்கு? மறுத்தாலும் செயலி வேலை செய்கிறது, மறுத்துவிடுங்கள். வினாடி வினா முழுக்கப் படங்களை வைத்தே இருக்கிறது. கண்ணை மூடி முகர்ந்து பெயர் சொல்லும் சுற்று ஒன்றை வீட்டில் இன்னொருவரோடு விளையாடும்படி சேர்த்தால், குழந்தைகள் போனைக் கீழே வைக்காமல் அல்ல, கீழே வைத்துவிட்டுக் கற்பார்கள்.

விடுதியிலிருந்து தனி வீட்டுக்கு மாறி முதன்முதலாகச் சமைக்கப்போகும் இளைஞர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வெளிவந்ததும் நிறுவுங்கள். கேமராவைத் தொட வேண்டாம், மருத்துவப் பக்கத்தைத் திறக்க வேண்டாம். நேராகக் கடுகுக்குப் போங்கள்.