உடைமைச் சொல் யாருடைய உடைமை?

உடைமைச் சொற்களை இலக்கண நூல்கள் ரொம்ப சாதுவான விஷயமாகக் கடந்துபோகின்றன. லத்தீன் ‘மெயுஸ்’ பிரெஞ்சில் ‘மோன்’, ஸ்பானியத்தில் ‘மி’, இத்தாலியத்தில் ‘மியோ’ ஆனது என்று ஒரு அட்டவணை, அத்தோடு சரி. எவனுக்கு எது உடைமை என்ற கேள்வி அட்டவணைக்கு வெளியே நிற்கிறது.

ரோமில் எஜமான் ‘என் அடிமை’ என்றான். அடிமையும் ‘என் எஜமான்’ என்றான். சொல் ஒன்றுதான். சட்டப்படியோ அடிமை ஒரு பொருள். அவன் சிறுகச் சேர்த்த காசும் எஜமானனுக்கே சொந்தம். ஆக, உடைமைச் சொல் ஓர் உறவைச் சொல்கிறது. அதில் யார் கை மேலே என்பதை மட்டும் சொல்லாமல் விடுகிறது.

படர்க்கையில் லத்தீனுக்கு இரண்டு சொற்கள். எழுவாயையே திரும்பச் சுட்டும் ‘ஸுவுஸ்’, வேறொருவரைச் சுட்டும் ‘எயுஸ்’. நம்ம ‘தன் நிலம்’, ‘அவன் நிலம்’ மாதிரி. ‘எயுஸ்’ வழக்கொழிந்தது, அதன் வேலையையும் ‘ஸுவுஸ்’ எடுத்துக்கொண்டது. இன்று ஸ்பானிய ‘சு’ என்பது அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய, தங்களுடைய – எல்லாம்தான். ‘சு தியெர்ரா’ என்றால் யார் நிலம்? தகராறு வந்தால் ‘அவளுடையது’ என்று தனியே பிரித்துச் சொல்லியாக வேண்டும்.

பிரெஞ்சும் இத்தாலியமும் பன்மைக்கு வேறு வழி கண்டன. ‘அந்த ஆட்களுடைய’ என்ற பொருள் கொண்ட லத்தீன் ‘இல்லோரும்’ பிரெஞ்சில் ‘லெர்’ ஆனது, இத்தாலியத்தில் ‘லோரோ’ ஆனது. (தமிழ்க் காதில் அது இல்லாதவர்களையும் சேர்த்தே ஒலிப்பது தற்செயல்தான்.) இது ஆண்பால் வடிவம். பெண்களுக்கென்று இருந்த ‘இல்லாரும்’ இதற்குள் காணாமல் போனது.

அப்படியானால் சொல்லைத் திருத்தினால் போதுமா? நம் மொழி அரசியல் பேச்சு பலசமயம் இங்கேதான் சறுக்குகிறது. பிரெஞ்சு ‘ஸா மெஸோன்’ அவன் வீடாகவும் இருக்கலாம், அவள் வீடாகவும் இருக்கலாம். ‘ஸா’வின் பெண்பால் வீட்டுக்குரியது, உடையவருக்குரியதல்ல. இலக்கணத்தில் இவ்வளவு சமத்துவம். 1804ஆம் ஆண்டு நெப்போலியன் சட்டத்தொகுப்போ மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றது. கணவன் ஒப்புதலின்றி வேலைக்குப் போகவும் வங்கிக் கணக்குத் திறக்கவும் 1965ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

‘அவரவர்க்கு அவரவருடையது’ என்பது ரோமர்கள் நீதிக்குத் தந்த இலக்கணம். அதிலும் ‘ஸுவுஸ்’ இருக்கிறது. 1937இல் நாஜிகள் திறந்த புக்கன்வால்ட் முகாமின் இரும்புக் கதவில் அதன் ஜெர்மன் வடிவம், உள்ளே அடைபட்டவர்கள் படிக்கிற திசையில், பொறிக்கப்பட்டிருந்தது. சொல் பழையது, பொருளும் மாறவில்லை. ‘அவரவர்’ யார், அவர்களுக்குரியது எது என்று பங்கு பிரித்த கைதான் மாறியது. நாம் விசாரிக்க வேண்டியது அந்தக் கையை.