மிஷனரியின் நத்தார்: தஞ்சையிலும் யாழ்ப்பாணத்திலும்

கடல் கடந்து ஊழியத்துக்கு வந்த மிஷனரி கிறிஸ்து பிறப்பு நாளான நத்தாரை எப்படிக் கழித்தார் என்று கேட்டால், பெரும்பாலும் அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைத்தான் காட்டுவார்கள். பனியில்லாத டிசம்பர், எட்டாத உறவுகள், பிரிவின் துயரம் ஆகியவை அவற்றில் இருக்கும். அந்தத் துயரத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் பண்டிகையைக் கொண்டுவந்தவர் மிஷனரி, பெற்றுக்கொண்டவர்கள் இங்குள்ள மக்கள் என்ற எண்ணத்தை அக்கடிதங்கள் நம்முள் ஊன்றிவிடுகின்றன. பாக்கு நீரிணையின் இரு கரைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நிலைமை வேறாகத் தெரிகிறது. அந்நிய மண்ணில் அவருடைய பண்டிகை எப்படி அமைந்தது என்பதை அவருடைய தாய்நாட்டு மரபு மட்டும் முடிவு செய்யவில்லை. அவர் வந்து இறங்கியபோது அங்கிருந்த மக்கள் அப்பண்டிகையைத் தங்களுடையதாக ஏற்கெனவே கொண்டாடி வந்தார்களா என்பதே பெரிதும் முடிவு செய்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குவோம். 1816-இல் தெல்லிப்பழையிலும் அடுத்து வட்டுக்கோட்டையிலும் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள் பெரும்பாலும் நியூ இங்கிலாந்துச் சபைகளின் பிள்ளைகள். அந்தச் சபைகளின் முன்னோர் பியூரிட்டன்கள். டிசம்பர் 25-ஐ விவிலியத்தில் ஆதாரமில்லாத நாள் என்று ஒதுக்கியவர்கள். மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1659-இல் அந்நாளைக் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தது. சட்டம் 1681-இல் நீங்கிய பின்னும் மனம் மாறவில்லை. 1856-இல்தான் அங்கு அது அரசு விடுமுறையானது. ஆகவே யாழ்ப்பாணத்துக்கு முதலில் வந்த அமெரிக்கர்களின் பெட்டிகளில் நத்தார் என்றொரு பண்டிகையே இல்லை. ஓய்வுநாள், மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஜெபக் கூட்டம், 1824-இல் வந்ததுபோன்ற எழுப்புதல்கள், இவைதான் அவர்களுடைய காலக் கணக்கு. அவர்களைச் சூழ்ந்திருந்ததும் சபையாக வளர்ந்த சமூகம் அல்ல, பள்ளிக்கூடம். 1823-இல் வட்டுக்கோட்டைச் செமினறி, 1824-இல் உடுவில் பெண்கள் பாடசாலை என்று கல்வியே அவர்களுடைய வாசலாக இருந்தது. மிஷன் வளவுக்குள் உண்ண மாட்டோம் என்று தொடக்கத்தில் மறுத்த மாணவர்களும் இருந்தார்கள். சேர்ந்து உண்ண முடியாத இடத்தில் பண்டிகை எங்கிருந்து வரும்? இன்று ஈழத்துத் தமிழர் நத்தாரை ஒட்டி நடத்தும் ஒளிவிழாவுக்குப் பள்ளிக்கூடம் முக்கியமான மேடையாக இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

தஞ்சைக் கரையில் கதை நூறாண்டு முந்தியது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கும் புளுட்சோவும் லூத்தரன்கள், திருநாட்களைப் பேணும் மரபினர். டென்மார்க் அரசர் அனுப்பிய சீகன்பால்கைத் தரங்கம்பாடியின் டேனியத் தளபதியே 1708 நவம்பரில் சிறையில் அடைத்தார். நான்கு மாதம் கழித்தே விடுதலை கிடைத்தது. அந்த ஆண்டின் கிறிஸ்து பிறப்பு அவருக்கு டேன்ஸ்பர்க் கோட்டைச் சுவர்களுக்குள் கழிந்தது. அரசரின் முத்திரை கையில் இருந்தும் கிடைத்த பாதுகாப்பு அவ்வளவுதான். பண்டிகை உண்மையில் வேர் பிடித்தது பின்னால், லூத்தரன் மிஷனரி சுவார்ட்ஸ் காலத்துத் தஞ்சை, திருநெல்வேலிச் சபைகளில். அவரிடம் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கிறிஸ்துவின் கதையைக் கர்நாடக இராகங்களிலும் தமிழ்ச் சிற்றிலக்கிய வடிவங்களிலும் பாடி, பண்டிகையைச் சபையாரின் தொண்டைக்குள் கொண்டுசேர்த்தார். 1820-களில் வந்த புதிய மிஷனரிகள் கோயிலில் தமிழ்க் கீர்த்தனைகளையும், திருமணத்திலும் பண்டிகையிலும் பூக்களையும் கட்டுப்படுத்த முனைந்தபோது, தஞ்சைச் சபையார் சாஸ்திரியாரை முன்னிறுத்தி எதிர்த்து எழுதினார்கள். யாரும் தந்துவிட்டுப் போனதை இப்படிக் காக்கமாட்டார்கள். அது தங்களுடையது என்று அவர்கள் நம்பினார்கள். வெளியிலிருந்து வந்த மிஷனரிதான் அந்த விழாவில் விருந்தாளி.

இந்த வாதத்துக்கு மிக வலுவான சான்று மதுரை. 1834-இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன் யாழ்ப்பாண மிஷனின் நேர்வாரிசு. அதே அனுப்பும் சங்கம், அதே சபை மரபு, அதே தமிழ். ஆனால் அது தஞ்சை மரபு பரவிய நிலத்தில் காலூன்றியது. 1853-இல் அந்த மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் சாஸ்திரியாரின் பாடல்களைச் சேர்த்துக் கீர்த்தனைத் தொகுப்பை அச்சிட்டார். தங்கள் வீட்டில் பண்டிகையே அறியாத மரபைச் சேர்ந்தவர்கள் தஞ்சைப் புலவரின் இராகங்களைத் தங்கள் ஆராதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். காலம் மாறியதுதான் காரணம், அமெரிக்காவே அப்போது கிறிஸ்மஸை ஏற்கத் தொடங்கியிருந்தது என்று ஒருவர் சொல்லலாம். சொல்லத் தகுந்த மறுப்புதான். ஆனால் மாற்றம் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தால் கையில் கிடைத்திருக்க வேண்டியது ஆங்கிலப் பாட்டுகளின் மொழிபெயர்ப்பு. கிடைத்ததோ தஞ்சைக் கீர்த்தனை. இன்றும் தென்மாவட்டங்களில் டிசம்பர்ப் பின்னிரவில் தெருத்தெருவாகப் பாடிப் போவதைச் சபையார் பஜனை என்கிறார்கள்.

யாழ்ப்பாணம் அமெரிக்கர்களால் மட்டும் ஆனதா என்று அடுத்து கேட்கலாம். இல்லை. 1814-இல் மெதடிஸ்தர்கள் வந்தார்கள், 1818-இல் நல்லூரில் ஆங்கிலிக்கன் மிஷன் தொடங்கியது. இரு சாராரும் திருநாட்களை விலக்கியவர்கள் அல்லர். அவர்களுக்கெல்லாம் முன்னரே கத்தோலிக்கர் இருந்தார்கள், அவர்களுடைய வரலாறுதான் இந்த ஒப்பீட்டின் நெஞ்சுப் பகுதி. ஒல்லாந்தர் 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் குருமாரை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மக்கள் குருவின்றியே விசுவாசத்தைக் காத்தார்கள். 1687-இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் மாறுவேடத்தில் வந்து சேர்ந்து, வீடு வீடாக இரவில் பூசை வைத்தார். 1689-இன் நத்தார் இரவில் ஒல்லாந்தப் படை வீடுகளுக்குள் புகுந்து, கூடியிருந்தவர்களைப் பெருந்தொகையாகப் பிடித்துச் சென்றது. அடுத்து வந்த விசாரணையில் சவுக்கடி பட்டவர்கள் உள்ளூர் மக்கள். வாஸ் தப்பினார். இந்திய மண்ணிலிருந்து இலங்கைக்கு வந்த அந்த மிஷனரியின் நத்தாருக்கு வீட்டையும் பீடத்தையும் காவலையும் தந்தவர்கள் அந்த உள்ளூர் மக்களே. 2015-இல் கொழும்பில் போப் பிரான்சிஸ் வாஸைப் புனிதராக அறிவித்தார். அந்த இரவில் அடிபட்டவர்களின் பெயர்களை ஊர்ச் சபைகள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கின்றன என்பது எனக்குக் கவலையான கேள்வி. அமெரிக்க மிஷனின் புரோட்டஸ்டன்ட் கிராமங்களில் இல்லாதது யாழ்ப்பாணக் கத்தோலிக்கரிடம் இருந்தது. ஆகவே இது இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான குண வேறுபாடு அல்ல. பண்டிகையை மக்கள் முன்பே கைக்கொண்டிருந்தார்களா இல்லையா என்ற வேறுபாடு.

மூன்றாவது மறுப்பு கடினமானது. மக்களுடைய பண்டிகை என்று நான் சொல்லும்போது எந்த மக்களைச் சொல்கிறேன்? தஞ்சையில் பூவையும் கீர்த்தனையையும் காத்த அதே கை, நற்கருணையில் சாதிகள் தனித்தனியாக இருப்பதையும் காத்தது. புதிய மிஷனரிகளின் கண்டிப்பில் தேவையற்ற கடுமையும் இருந்தது, நியாயமும் இருந்தது. மதுரை மிஷன் 1847-இல் எல்லாரும் ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்று சோதனை வைத்தபோது பல உபதேசியார்கள் மறுத்து விலகினார்கள். அங்கே நான் மிஷனரியின் பக்கம்தான் நிற்பேன். ஆனால் அதற்காகக் கீர்த்தனை பறிபோயிருக்க வேண்டியதில்லை. ஆறே ஆண்டுகளில் அதே மிஷன் கீர்த்தனைத் தொகுப்பை வெளியிட்டதே, ஒன்றை ஏற்று மற்றதை மறுக்க முடியும் என்பதற்குப் போதுமான சான்று.

கொண்டுவந்தவர் யார், பெற்றுக்கொண்டவர் யார் என்ற கணக்கு இருபதாம் நூற்றாண்டில் திசை மாறுகிறது. யாழ்ப்பாணத்து மாணவக் கிறிஸ்தவர்கள் தங்கள் காசிலேயே ஒரு மிஷன் அமைத்து எதிர்க்கரைத் தொண்டிக்கு ஊழியரை அனுப்பினார்கள். 1902-இல் யாழ்ப்பாணம் போன வெள்ளாளன்விளைக்காரர் வே. ச. அசரியா அதைக் கண்டு, அடுத்த ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கக் காரணமானார். அனுப்பப்பட்ட ஊழியர்கள் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போனார்கள். பின்னர் அசரியாவும் தெலுங்கு கற்று அங்கேயே பேராயரானார். அங்கே எழுந்த பேராலயத்தை 1939 ஜனவரி 6-இல் பிரதிஷ்டை செய்தார்கள். கீழ்த்திசை ஞானிகள் பாலனைத் தேடி வந்த திருநாள் அது, ஆலயத்தின் பெயரும் அதுவே. திராவிடக் கட்டடக் கலையின் சாயலோடு அது நிற்கிறது. அதற்கு முன், 1905 டிசம்பர் 25-இல், இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள் வங்காளத்துச் செராம்பூரில் கூடித் தேசிய மிஷனரி சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். பண்டிகையைத் தங்கள் ஊரில் விட்டுவிட்டு வந்து அவர்கள் எடுத்த முடிவு, ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியாவுடையதாகவே இருக்க வேண்டும் என்பது.