ஒத்திசைவும் உரிமையும்: திறந்த மூலப் பணிசெயல் முறைமைகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

திறந்த மூல மென்பொருள் பற்றிய பேச்சுக்கள் பெரும்பாலும் சுதந்திரம் என்னும் கோட்பாட்டிலே தொடங்கி அக்கோட்பாட்டிலேயே முடிந்துவிடுகின்றன. மூல நிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்பது 1983இல் றிச்சர்ட் ஸ்ரால்மன் தொடக்கிவைத்த குனூ இயக்கத்தின் அடிப்படையாகும். 1991இல் லினஸ் ரோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருநிரல், அடுத்த ஆண்டில் குனூ பொது உரிமத்தின்கீழ் வந்தது. அதன் பயனாக முழுமையான பணிசெயல் முறைமையொன்று எல்லோர்க்கும் உரியதாயிற்று. ஆயின், எல்லோர்க்கும் உரியதான அந்நிரல் எவருடைய உழைப்பால், எவர் வகுக்கும் கால அட்டவணைப்படி, எவருடைய பொறுப்பிற் பேணப்படுகின்றது என்னும் வினா வேறானது. ஒரே மூலத்திலிருந்து பிறக்கும் சமூகப் பதிப்பையும் வணிகப் பதிப்பையும் ஒத்திசைவாக வைத்திருப்பது எவ்வாறு என்னும் சிக்கலிலே இவ்வினா தெளிவாக வெளிப்படுகின்றது. தொழினுட்பச் சிக்கல்போலத் தோன்றினும், அடிப்படையில் அது உழைப்புக்கும் உரிமைக்கும் இடையிலான உறவு பற்றியதே.

இருவகைப் பதிப்புகளும் இருவேறு தேவைகளின் வழிவந்தவை. சமூகப் பதிப்புப் புதுமையை நாடுவது. வணிகப் பதிப்பு நிலைபேற்றை நாடுவது. றெட் ஹற் நிறுவனத்தின் ஆதரவில் வெளிவரும் ஃபெடோறா ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பைத் தருகின்றது. ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ 13 மாதங்களே பராமரிப்பு உண்டு. அந்நிறுவனம் விற்பனை செய்யும் றெட் ஹற் என்ரபிறைஸ் லினக்ஸின் ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் பத்தாண்டுப் பராமரிப்பு உறுதியளிக்கப்படுகின்றது. வங்கியும் மருத்துவமனையும் தொலைத்தொடர்பு நிலையமும் வேண்டிநிற்பது இவ்வுறுதியையே. பத்தாண்டுக் காலம் ஒரு பதிப்பைக் காப்பதாயின், பின்னர் வரும் நிரல்களிற் காணப்படும் திருத்தங்களைத் தெரிந்தெடுத்து, பழைய நிரலின் அமைப்புக் குலையாதவாறு அதனுட் பொருத்துதல் வேண்டும். வணிகப் பதிப்பின் விலை நிரலுக்கான விலையன்று, இவ்வுழைப்புக்கான விலையே. ஆனால் இவ்வுழைப்பு நிகழுந்தோறும் இரு பதிப்புகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. ஒன்றிற் பரிசோதிக்கப்பட்ட செயலி மற்றொன்றில் இயங்காது போகலாம். ஒன்றிற் செய்த திருத்தத்தை மற்றொன்றில் மீளவும் செய்யவேண்டி நேரலாம். ஒத்திசைவு என்னும் தேவை இங்கேதான் எழுகின்றது.

இத்தேவை எவ்வாறு நிறைவுசெய்யப்பட்டது என்பதற்கு றெட் ஹற்றின் வரலாறே சிறந்த எடுத்துக்காட்டு. 2003 வரை அந்நிறுவனம் எவரும் பெறத்தக்க பொதுப் பதிப்பொன்றை வெளியிட்டுவந்தது. அவ்வாண்டில் அது கைவிடப்பட்டது. ஒரு புறம் கட்டணத்துக்குரிய வணிகப் பதிப்பும், மறு புறம் ஃபெடோறாவும் எஞ்சின. புதுமை வேண்டாது நிலைபேறு வேண்டியும், அதற்கு விலைகொடுக்க இயலாதும் இருந்தோர் இரண்டிற்கும் இடைப்பட்டுத் தவித்தனர். இவ்விடைவெளியை நிரப்ப 2004இல் எழுந்ததே சென்ற்ஓஎஸ். வணிகப் பதிப்பின் மூல நிரல் வெளிப்படையாகக் கிடைத்தமையால், அதிலுள்ள வணிகச் சின்னங்களை நீக்கி, எஞ்சியதை மீளக் கட்டியெழுப்பிக் கட்டணமின்றி வழங்குவது சாத்தியமாயிற்று. பல்கலைக்கழகங்களும் சிறு நிறுவனங்களும் இணையச் சேவை வழங்குநரும் இதனைப் பெருமளவிற் பயன்படுத்தினர்.

சென்ற்ஓஎஸ் எய்திய ஒத்திசைவு முழுமையானது. வணிகப் பதிப்பில் ஒரு வழு இருப்பின், அவ்வழு இதிலும் இருத்தல் வேண்டும் என்பதே அதன் இலக்கணம். மூல ஏட்டின் பிழையையும் பிழையாகவே பெயர்த்தெழுதக் கடமைப்பட்ட ஏடெழுதுவோனின் நிலையை இது ஒத்தது. நம்பகத்தன்மை அவனது பெருமை. திருத்தும் உரிமை இன்மை அவனது வரையறை. பயன்படுத்துவோர் ஒரு குறையைக் கண்டாலும், அதனைத் தம் பதிப்பிலே களைய வழியில்லை. சமூகம் என்று அழைக்கப்பட்டோர் இங்கு ஆக்குவோராகவன்றி நுகர்வோராகவே பெரிதும் நின்றனர். இவ்வுண்மையை மறந்துவிட்டுச் சென்ற்ஓஎஸ்ஸின் காலத்தைப் பொற்காலமாகப் போற்றுவது பொருந்தாது.

2014 சனவரியில் சென்ற்ஓஎஸ் திட்டத்தை றெட் ஹற் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 2019 யூலையில் றெட் ஹற்றையே ஐ.பி.எம். நிறுவனம் ஏறத்தாழ 34 பில்லியன் டொலருக்குக் கொள்வனவு செய்தது. அவ்வாண்டு செப்ரெம்பரில் சென்ற்ஓஎஸ் 8 வெளிவந்தபோது, சென்ற்ஓஎஸ் ஸ்ற்ரீம் என்னும் புதிய வடிவமும் அறிவிக்கப்பட்டது. 2020 டிசெம்பர் 8ஆம் திகதி, இனி ஸ்ற்ரீம் மட்டுமே தொடரும் என்றும், சென்ற்ஓஎஸ் 8 இன் பராமரிப்பு 2021 இறுதியுடன் முடிவடையும் என்றும் அறிவிக்கப்பட்டது. 2029 வரை பராமரிப்பு உண்டு என்னும் எதிர்பார்ப்பிலே பலர் அப்பதிப்புக்கு மாறியிருந்தனர்.

இம்மாற்றத்தின் தன்மையை நீர்ப்பாசன வழக்கைக்கொண்டு விளக்கலாம். மென்பொருட்டுறையினரும் நிரலின் போக்கை ஆற்றோட்டமாகவே உருவகிப்பர். பழைய சென்ற்ஓஎஸ் கடைமடையில் இருந்தது. வணிகப் பதிப்பிற் பாய்ந்து முடிந்ததே அதற்கு வந்து சேர்ந்தது. ஸ்ற்ரீமோ ஃபெடோறாவுக்கும் வணிகப் பதிப்புக்கும் இடையிலே வைக்கப்பட்டது. வணிகப் பதிப்பின் அடுத்த சிறு வெளியீட்டில் வரவிருப்பது இதில் முன்னரே தோன்றும். இவ்வமைப்பில் ஓர் உண்மையான முன்னேற்றம் உண்டு என்பதை மறுத்தல் நேர்மையாகாது. முன்னர் மூடிய கதவுகளுக்குள் நடந்த பணி வெளிப்படையாயிற்று. வெளியார் முன்வைக்கும் திருத்தம் வணிகப் பதிப்பைச் சென்றடைய வழி பிறந்தது. 2022இல் வெளிவந்த வணிகப் பதிப்பு 9 இவ்வழியிலேயே உருவாயிற்று. ஆயின் மடை மாறியதேயன்றி மடையைத் திறப்பவர் மாறவில்லை. எத்திருத்தம் ஏற்கப்படும் என்பதை நிறுவனமே தீர்மானிக்கின்றது. நிலைபேறு வேண்டி வந்தவர்க்கு முன்னோட்டம் வழங்கப்பட்டது. பங்களிக்கும் வாய்ப்பு விரிந்தபோதே நம்பியிருக்கும் வாய்ப்புச் சுருங்கிற்று.

இதனால் விளைந்த பாதிப்பை அறிவியலுலகின் அனுபவம் நன்கு உணர்த்தும். அமெரிக்காவின் ஃபேர்மி ஆய்வுகூடம் 2004 முதலாக, அதே வணிகப் பதிப்பின் மூலத்திலிருந்து சயன்ரிபிக் லினக்ஸ் என்னும் பதிப்பை உருவாக்கிவந்தது. துகட் பௌதிக ஆய்வுகள் ஆண்டுக்கணக்கில் நீள்பவை. அவற்றின் தரவுகளைப் பகுப்பாயும் நிரல்கள் இடையில் அடித்தளம் மாறாதிருத்தலை வேண்டுபவை. ஒரே பணியை இருவர் செய்வது வீண் என்று கருதி, 2019இல் அவ்வாய்வுகூடம் தன் அடுத்த பதிப்பைக் கைவிட்டுச் சென்ற்ஓஎஸ் 8 ஐ ஏற்க முடிவுசெய்தது. மறு ஆண்டிலேயே அவ்வடித்தளம் அகற்றப்பட்டது. 2022 டிசெம்பரில், ஃபேர்மி ஆய்வுகூடமும் ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வுநிலையமும் அல்மாலினக்ஸைத் தம் ஆய்வுகளுக்குரிய பொதுப் பதிப்பாக அறிவித்தன. இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தன் ஆக்கத்திறனைக் கைவிடுவோர் எத்தகைய அபாயத்தை ஏற்கின்றனர் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

அல்மாலினக்ஸும் றொக்கி லினக்ஸும் 2021இல் வெளிவந்து பழைய ஒத்திசைவை மீட்க முனைந்தன. 2023 யூன் மாதத்தில் றெட் ஹற் அடுத்த அடியை எடுத்துவைத்தது: வணிகப் பதிப்பின் மூல நிரல் வாடிக்கையாளருக்கே வழங்கப்படும், பொதுமக்களுக்கு ஸ்ற்ரீமின் நிரல் மட்டுமே கிடைக்கும். எதனையும் கூட்டாது வெறுமனே மீளக்கட்டி வழங்குவோர், உழைப்புக்குக் கூலி கொடுக்கும் நிறுவனத்தை நலிவிக்கின்றனர் என்பது அதன் வாதம். இவ்வாதத்திற் பொருளில்லை என்று தள்ளிவிட இயலாது. ஆனால் அந்நிறுவனத்தின் சொந்தப் பண்டமும் எண்ணற்ற பிறரின் உழைப்பைச் சேர்த்துக் கட்டியதே என்பதும் உடன் நினைவுகூரத்தக்கது. பொது உரிமம் நிரலைப் பெற்றவருக்கு மூலத்தை வழங்கவேண்டும் என்று விதிக்கின்றது. உலகம் முழுவதற்கும் வழங்குமாறு விதிக்கவில்லை. உரிமத்தின் சொல் காக்கப்பட்டது. அதன்மேல் எழுந்த வழக்காறு முறிந்தது.

இங்கு அல்மாலினக்ஸ் மேற்கொண்ட முடிவு கூர்ந்து நோக்கத்தக்கது. 2023 யூலையில் அது வழுவுக்கு வழு ஒத்திருத்தல் என்னும் இலக்கைக் கைவிட்டு, செயலிகள் மாற்றமின்றி இயங்கும் அளவுக்கு ஒத்திருத்தலே போதும் என அறிவித்தது. வணிகப் பதிப்பிற் களையப்படாத வழுவைத் தானே களையும் உரிமை அதனால் அதற்குக் கிட்டிற்று. முழு ஒருமையைக் கைவிட்டபோதே ஏடெழுதுவோன் பதிப்பாசிரியனானான்.

சூசே நிறுவனம் வேறொரு வழியைக் கையாண்டது. 2015இல் வெளிவந்த ஓப்பின்சூசே லீப், வணிகப் பதிப்பின் மூல நிரலை அடித்தளமாகக் கொண்டது. 2021இல் வந்த லீப் 15.3 இல், வணிகப் பதிப்பின் கட்டப்பட்ட பொதிகளே நேரடியாக இடம்பெற்றன. அவற்றின்மேற் சமூகத்தினர் தம் பொதிகளைச் சேர்த்தனர். பகைமையின்றி நிகழ்ந்த ஒத்திசைவு என்னும் வகையில் இது பாராட்டுக்குரியது. எனினும், அடித்தளத்தின் போக்கை வகுப்பது இங்கும் நிறுவனமே.

இவற்றுக்கு எதிர்முனையில் நிற்பது டெபியன். 1993இல் தொடங்கிய அது, 1997இல் தன் சமூக ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது; தன் தலைவரை உறுப்பினரின் வாக்கினாலே தெரிவுசெய்கின்றது. 2004 முதல் கனொனிக்கல் நிறுவனம் வெளியிடும் உபுண்டு, டெபியனிலிருந்தே நீரைப் பெறுகின்றது. இங்கே தலைமடை சமூகத்தின் கையிலுள்ளது. ஆயினும் நீண்டகாலப் பராமரிப்பின் சுமை இதனாலும் நீங்கிவிடவில்லை; டெபியனின் ஐந்தாண்டுப் பராமரிப்பிலும் பிற்பகுதி பெரிதும் கூலிபெறும் உழைப்பாலேயே நடைபெறுகின்றது.

ஆகவே, இரு பதிப்புகள் எவ்வளவு தூரம் ஒத்துள்ளன என்பது மட்டும் மதிப்பீட்டுக்குரிய அளவுகோலாகாது. ஒத்திசைவு எத்திசையிற் பாய்கின்றது, அதனை நிறுத்தும் அதிகாரம் எவரிடம் உள்ளது, பராமரிப்பின் செலவை எவர் ஏற்கின்றனர் என்னும் மூன்று வினாக்களும் உடன் எழுப்பப்படல் வேண்டும். ஒரு பணிசெயல் முறைமையைத் தெரிவுசெய்யும் பல்கலைக்கழகமோ ஆய்வுகூடமோ, விலையை ஆராய்வதற்கு முன்னர் இவ்வினாக்களை ஆராய்தல் தகும். உரிமம் நிரலைக் காக்க வல்லது. கால உறுதியை அது காப்பதில்லை. உழைப்பிலும் முடிவெடுப்பிலும் பங்குகொள்ளும் பயனாளரே அவ்வுறுதியைக் கோரும் வலுவைப் பெறுவர்.