சாமக்கொடை வரை விழித்திருங்கள்

நல்ல சாப்பாடு, குடிக்க ருசியாக ஒன்று, அதன்பின் ஒரு நாடகம் என்று பொழுதைக் கழிக்கச் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்று தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களே நம்புகிறார்கள். மயிலாப்பூர் சபாக்களின் நிகழ்ச்சி நிரலை ஒப்பிப்பவர்களுக்கு, ஏரலைச் சுற்றி இந்த வாரம் எந்த ஊர்க் கோயிலில் கொடைவிழா என்பது தெரியாது. தாமிரபரணி கடலைச் சேர்வதற்குச் சற்று முன்னால் இருக்கும் இந்தக் கடைவீதி ஊரிலிருந்து எந்தத் திசையில் போனாலும், பங்குனிக்கும் ஆவணிக்கும் இடையில், செவ்வாயிலோ வெள்ளியிலோ ஏதாவது ஓர் அம்மன் கோயிலிலோ சுடலைமாடன் கோயிலிலோ பந்தல் போட்டு வில்லுப்பாட்டு நடக்கும். அனுமதிச் சீட்டு கிடையாது. அப்படியும் இவர்கள் வருவதில்லை. வருகிறவர்களும் திருநீறு பூசிக்கொண்டு ஒன்பது மணிக்கு வண்டியை எடுத்துவிடுகிறார்கள். கதை சூடுபிடிப்பதே நள்ளிரவை நெருங்கும்போதுதான் என்பதை இவர்களுக்கு யார் சொல்வது?

சாப்பாட்டை முதலில் முடித்துவிடலாம். பகலில் பதநீர். கலயத்தின் உட்புறம் தடவும் சுண்ணாம்புதான் சாறு புளித்துக் கள்ளாகாமல் தடுக்கிறது. அது கூடினால் நாக்கு கூசும், குறைந்தால் புளிப்பு தட்டும். இரண்டுக்கும் நடுவே நிற்பதே நல்ல பதநீர். அதை ஓலைப்பட்டையில் நுங்கோடு குடிக்க வேண்டும். திராட்சை மதுவில் மண்ணின் குணம் தெரிகிறது என்று பக்கம் பக்கமாக எழுதுபவர்கள், உடன்குடித் தேரியின் செம்மண் பனையில் இறக்கியதை ஆற்றங்கரைப் பனையில் இறக்கியதோடு வைத்து ருசித்துப் பார்க்கட்டும். இரவுக்குப் பரோட்டா. மாலையில் திறக்கும் பரோட்டாக் கடைக்கு ‘நைட் கிளப்’ என்று பலகை மாட்டுவது இந்தப் பக்கத்துப் பழக்கம். சால்னாவை ஊற்றி ஊறவிட்டுச் சாப்பிடுங்கள். தட்டுக்கு மேல் கேமராவைப் பிடித்துக்கொண்டு ‘வேற லெவல்’ என்று கூவுகிறவர்கள், அந்தச் சால்னாவில் என்ன அரைத்துச் சேர்த்திருக்கிறது என்று ஒருமுறையும் சொல்வதில்லை. அம்மன் கொடையென்றால் கவுச்சி சாப்பிட்டுவிட்டுப் பந்தலுக்குப் போவதை ஊர் விரும்பாது. அன்றைக்கு இட்லி போதும், பரோட்டா மறுநாள்.

வில்லின் அடிப்படைகளும் சுருக்கமானவைதான். வைரம் பாய்ந்த பனங்கம்பு, தோல் நாண், வரிசையாக மணிகள். வில் குடத்தின் கழுத்தில் உட்காரும். நடுவில் இருக்கும் தலைமைப் பாடகரான அண்ணாவி வீசுகோலால் நாணை அடித்துக் கதை சொல்வார். உடுக்கை, தாளம், கட்டை பக்கத்தில். ஒரு பக்கத்தார் எடுத்துக்கொடுக்க மறுபக்கத்தார் வாங்கிப் பாடுவார்கள். காப்பு, குருவணக்கம், நாட்டு வளம், கதை, கடைசியில் வாழி. இவ்வளவு தெரிந்தால் உட்காரலாம்.

தெரிந்தே ஆகவேண்டியது வேறொன்று இருக்கிறது: பாடப்படுவது பிறப்புக் கதையா, இறப்புக் கதையா? அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் வில்லுப்பாட்டைப் பற்றி எழுதிய நூல் முழுவதும் இந்தப் பிரிவின் மேல்தான் நிற்கிறது. சாஸ்தா, முத்தாரம்மன், சுடலைமாடன் எல்லாம் கயிலையில் தோன்றி, வரம் வாங்கிக்கொண்டு தெற்கே இறங்கி வரும் தெய்வங்கள். முத்துப்பட்டன் போன்றவர்கள் மண்ணில் பிறந்து, வெட்டுப்பட்டுச் செத்து, அதன்பின் தெய்வமானவர்கள். இரண்டையும் ஒரே காதால் கேட்கக் கூடாது. பிறப்புக் கதையின் அழகு வழிநடையில் இருக்கிறது. சாமி எந்த மலை தாண்டியது, எந்தத் துறையில் இறங்கியது, எந்த ஊரில் பலி கேட்டது என்று அண்ணாவி அடுக்கிக்கொண்டே வந்து, நாம் உட்கார்ந்திருக்கும் ஊரின் பெயரையும் அந்த வழியில் எங்கே சேர்க்கிறார் என்று பாருங்கள். சேர்க்கிற இடம் சரியாக விழுந்தால் பந்தலே நிமிர்ந்து உட்காரும். இங்கே அவசரப்படுகிறவர் மோசமான அண்ணாவி. இறப்புக் கதையின் நியாயம் நேர் எதிரானது. அதில் எல்லாம் ஒரு சாவை நோக்கி ஓடுகிறது. சாவு நெருங்க நெருங்க வசனம் குறைய வேண்டும், ஒரே அடி திரும்பத் திரும்ப வர வேண்டும், உடுக்கை முந்த வேண்டும். அந்த வேகத்தில்தான் சாமியாடிக்கு அருள் வரும். வெட்டு விழும் இடத்தில் நகைச்சுவைத் துணுக்கு சொல்கிற அண்ணாவிக்குக் கதையே தெரியாது என்பேன்.

முத்துப்பட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். பிராமண இளைஞன், சக்கிலியரான வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்கிறான். மாமனாரின் மாடுகளைக் கவர வந்தவர்களோடு போராடிச் சாகிறான். காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில், இதே தாமிரபரணியின் மேற்பகுதியில், அவனுக்கு வழிபாடு நடக்கிறது. நா. வானமாமலை பதிப்பித்த இந்தக் கதை, அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்களே, காட்டில் கண்டெடுக்கப்பட்டவர்கள் என்று சொல்லும் வடிவத்திலும் வழங்குகிறது. அந்த ஒட்டு விழுந்த வடிவம் ஆழமற்றது. சாதியைத் துறந்தவனுடைய சாவு அது. துறந்ததற்கே பொருளில்லை என்று ஆக்கிவிட்டால், நள்ளிரவில் எதற்காக உடுக்கை அலற வேண்டும்? எந்த வடிவத்தைப் பாடுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

பக்தி இல்லாதவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. ஏதென்ஸ் துன்பியல் நாடகங்கள் தியோனிசஸின் திருவிழாவில் நடந்தவை. அந்தத் தெய்வத்தை நம்பித்தான் நாம் சோபோக்ளிசை வாசிக்கிறோமா? இரவு முழுக்க நீள்கிறதே என்பார்கள். பட்டனோடு நாலு மணி நேரம் வாழ்ந்திருந்தால்தான் அவன் விழுவது உறைக்கும். குழாய் ஒலிபெருக்கி காதைக் கிழிக்கிறது என்ற குறையை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். உடுக்கையின் தாழ்ந்த நாதத்தை அது கொன்றுவிடுகிறது. நகர மேடையில் சுருக்கமாகக் கேட்டுக்கொள்ளலாமே என்பதைத்தான் ஏற்க முடியாது. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும், 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகமும் வில்லை மேடைக்குக் கொண்டுவந்தது பெரிய காரியம். ஆனால் அவர்களைப் பார்த்து வந்த கூட்டம் வில்லையும் ‘ஆமா’ போடுவதையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அரசாங்க விளம்பர வாசகங்களைப் பாட்டாக்கி அரை மணியில் எழுந்துபோகிறது. அதில் பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. அழிந்துவரும் கலை என்று ஆண்டுதோறும் கட்டுரை எழுதி அழுகிறவர்கள் அதை மட்டுமே பார்த்தவர்கள். கொடைப் பந்தலில் கொட்டாரம் பூங்கனி போன்ற பெண்களே தலைமையேற்றுப் பாடியிருக்கிறார்கள் என்பதும் அவர்கள் காதுக்கு எட்டியதில்லை.

உங்களுக்காக ஒன்று சொல்கிறேன். ஏரல் கடைவீதிச் சுவர்களில் கொடை நோட்டீசைத் தேடுங்கள். குழுவின் புகைப்படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், என்ன கதை என்று கோயில்காரர்களைக் கேளுங்கள். முதல் தடவை இறப்புக் கதைக்கே போங்கள். அண்ணாவி சன்னதியைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவர் முகத்துக்கு நேரே இடம் பிடிக்க வேண்டாம், உடுக்கைக்காரர் பக்கம் போய் உட்காருங்கள். நள்ளிரவுப் பூசையான சாமக்கொடைக்கு முன்னால் அண்ணாவி கதையை வேண்டுமென்றே இழுப்பார், பூசை நேரத்துக்கும் சாவுக்கும் கணக்குப் போட்டபடி. அந்த இழுப்பில் தூங்கிவிடாதீர்கள், டீக்கடைக்கும் போகாதீர்கள். உடுக்கைக்காரர் வாரை இறுக்கத் தொடங்கியதும் கைபேசியை அணைத்துவிடுங்கள்.