தலையில்லாத பாடகி

துலூஸ்-லொத்ரெக்கின் பிரசித்தி பெற்ற சுவரொட்டி ஒன்றில் பாடகிக்குத் தலை கிடையாது. பாரிஸில் ‘திவான் ழப்போனே’ என்ற விடுதிக்காக 1893ல் அச்சானது அது. முன்னால் கறுப்பு உடையில் உட்கார்ந்திருப்பவர் ழான் அவ்ரில். நடனக்காரி, இங்கே வெறும் பார்வையாளர். அவர் பக்கத்தில் எதுவார் துழார்தான். (உள்மனப் பேச்சை நாவலில் எழுதக் கற்றுக்கொண்டது இவரிடமிருந்துதான் என்று பின்னால் ஜாய்ஸ் ஒப்புக்கொண்டாரே, அதே துழார்தான்.) நடுவில் டபுள் பேஸ் வாத்தியங்களின் கழுத்துகள், வாத்திய கோஷ்டியை நடத்துகிறவரின் தூக்கிய கைகள். மேலே இடது மூலையில் மேடை. அங்கே நிற்கும் ஒல்லி உருவத்தின் கழுத்தோடு காகிதம் முடிந்துவிடுகிறது. முழங்கைக்கு மேலே ஏறிய கறுப்புக் கையுறைகள்தான் அடையாளம். பாரிஸ்காரர்களுக்கு அது போதும். இவெத் கில்பேர்.

கில்பேரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் இந்தக் கையுறைகளைத் தாண்டிப் போவதில்லை. ஓவிய வரலாற்றில் அவர் ஒரு அடிக்குறிப்பு, லொத்ரெக்கின் ‘மாடல்’களில் ஒருத்தி. ஐம்பது வருஷத்துக்கு மேல் மேடையிலும் படிப்பிலும் செலவழித்த, தன் கலையைப் பற்றித் தெளிவாக யோசித்து எழுதிய ஒரு மனுஷியின் தலையை நாமும் வெட்டித்தான் வைத்திருக்கிறோம்.

முதலில் ஒரு வார்த்தையைச் சுத்தம் செய்தாக வேண்டும். ‘காபரே’ என்றால் நம்மூரில் சினிமாவில் வில்லனின் மதுக்கூடத்தில் அரைகுறை ஆடையோடு ஒருத்தி ஆடுவது. 1881ல் மொன்மார்த்ரில் ரொதோல்ஃப் ஸாலிஸ் ஆரம்பித்த ‘ஷா நுவார்’ — கறுப்புப் பூனை — அந்த வகையில்லை. அங்கே கவிஞர்கள் தங்கள் வரிகளைத் தாங்களே படித்தார்கள், பாடினார்கள், நிழற்கூத்து நடந்தது, எரிக் ஸாத்தி பியானோ வாசித்தார். சிற்றிதழ் மாதிரி ஒன்று, அச்சில் இல்லாமல் புகையில் நடந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு எதிர்ப்பக்கம் ‘கஃபே-கோன்ஸேர்’: பெரிய கூடம், டிக்கெட், குடி, கூச்சல், கீழ்த்தர நகைச்சுவைப் பாட்டு. நம் வழக்கில் சொன்னால் வெகுஜன ரசனை. கில்பேர் செய்த முதல் காரியம், சின்ன இடத்தில் கவிஞர்கள் தங்களுக்குள் பாடிக்கொண்டிருந்ததைத் தூக்கிக்கொண்டு போய் பெரிய கூடத்தில் வைத்தது. க்ஸான்ரோஃப், ழூல் ழுயீ, மொரீஸ் தொனே என்று பலருடைய வரிகள். க்ஸான்ரோஃப் ஒரு வக்கீல், நிஜப்பெயர் ஃபூர்னோ. அடுப்பு என்று அர்த்தம். அதை லத்தீனில் ஃபோர்னாக்ஸ் ஆக்கித் தலைகீழாகத் திருப்பிக்கொண்டார். புனைபெயர் வைத்துக்கொள்வதில் நம் ஆட்கள் இவ்வளவு சிரத்தை எடுப்பதில்லை.

1865ல் பாரிஸில் பிறந்தவர். தகப்பன் குடும்பத்தை விட்டுப் போய்விட, தாயோடு உட்கார்ந்து தையல் வேலை. பிறகு ப்ரேந்தாம் என்ற பெரிய துணிக்கடையில் வேலை. ஷார்ல் ஸித்லேர் — மூலான் ரூழை 1889ல் தொடங்கிய இருவரில் ஒருவர் — கண்ணில் பட்டது, நாடகங்களில் சின்ன வேஷங்கள், பாட ஆரம்பித்த புதிதில் கூடத்தில் கிண்டல். இதெல்லாம் எல்லா நட்சத்திரங்களின் சரித்திரத்திலும் வருகிற சமாச்சாரம். கவனிக்க வேண்டியது வேறு. அவருக்கு அந்த மேடை கேட்கிற உடம்பு இல்லை, குரலும் இல்லை. சதைப் பிடிப்பான பெண்கள் கத்திப் பாடிக்கொண்டிருந்த இடத்தில் தட்டை மார்போடு, நீண்ட கழுத்தோடு, சிவப்பு முடியோடு ஒரு பெண். நகை கிடையாது. பச்சை நிறத்தில் சாதாரண உடை. கறுப்புக் கையுறை போட்டதற்கு அவரே சொன்ன காரணம் வறுமை: வெள்ளை அழுக்காகும், கறுப்பு மலிவு. பிற்பாடு விமர்சகர்கள் அந்தக் கையுறையில் மரணத்தையும் நூற்றாண்டின் அந்திமத்தையும் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடிக்கட்டும். ஆனால் சலவைக்கூலி மிச்சம் பிடிப்பதற்காகப் போட்டது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

இல்லாத குரலை என்ன செய்வது? அவர் பாடுவதை விட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். பிரெஞ்சில் ‘தீஸூஸ்’ — சொல்கிறவள். மெட்டு ஓடிக்கொண்டிருக்கும், அவர் அதிலிருந்து இறங்கிப் பேச்சுக்கு வருவார், பேச்சின் நடுவில் ஒரு சொல்லுக்காக மட்டும் ஸ்வரத்தில் ஏறுவார், மறுபடி இறங்குவார். 1897லிருந்து 1930கள் வரை அவர் விட்டுப்போன ஒலிப்பதிவுகளில் இதைக் கேட்க முடிகிறது. ‘ல ஃபியாக்ர்’ என்ற க்ஸான்ரோஃபின் பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். திரை இழுத்துவிட்ட ஒரு வாடகைக் குதிரைவண்டி போகிறது. உள்ளே ஒரு ஜோடி. தெருவில் போகிற கிழவன் ஒருவன் அந்தக் குரலைக் கேட்டுத் தன் மனைவி என்று தெரிந்து பாய்கிறான். வழுக்கி விழுந்து சக்கரத்தில் அகப்பட்டுச் சாகிறான். மனைவிக்கு வந்த சந்தோஷத்தில் வண்டிக்காரனுக்கு இனாம். அவ்வளவுதான். கில்பேர் இதில் யார் பக்கமும் சேர்வதில்லை. குதிரையின் குளம்படி ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கிறது — முத்தத்துக்கும் சாவுக்கும் அதே தாளம். கிழவனின் எலும்பு நொறுங்குவதும் இனாம் கொடுப்பதும் ஒரே எடையில் விழுகின்றன. கொடூரம் கதையில் இருப்பதைவிட அந்தச் சீரில்தான் இருக்கிறது. சிறுகதை எழுதுகிறவர்கள் இதைக் கேட்கலாம்.

ரிஷ்பன் எழுதிய ஒரு பாட்டையும் பாடினார். காதலி கேட்டாள் என்று ஒருவன் தாயைக் கொன்று இதயத்தை அறுத்து எடுத்துக்கொண்டு ஓடுகிறான். இடறி விழுகிறான். தரையில் உருண்ட இதயம், அடிபட்டதா மகனே என்று கேட்கிறது. இந்தக் கதையை நாம் எல்லோரும் பள்ளிக்கூட ஆண்டு விழாவிலும் கட்சி மேடையிலும் கேட்டு வளர்ந்தவர்கள். இதை எழுதியவன் ஒரு பிரெஞ்சுக்காரன் என்பது பேச்சாளர்களுக்கும் தெரிந்திருக்காது. நம் மேடையில் கடைசி வரியில் குரல் தழுதழுக்கும். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். பேச்சாளர் தண்ணீர் குடிப்பார். மூலத்தின் விசேஷமே அந்த அழுகையின் பக்கத்தில் ஓடுகிற அர்த்தமற்ற பல்லவிதான்: ஒவ்வொரு சரணத்திலும் பயங்கரத்தை ஒரு விளையாட்டுப் பிள்ளையின் ஓசை வந்து வெட்டுகிறது. நாம் கதையை இறக்குமதி செய்துகொண்டு பல்லவியைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டோம். நம் உணர்ச்சிப் பெருக்கின் சரித்திரம் இந்த ஒரு உதாரணத்திலேயே இருக்கிறது என்று தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் மேடைப் பாட்டுகளுக்குத் தணிக்கை இருந்தது. 1906 வரை. ஒரு பாட்டில் வெட்டச் சொன்ன சொற்களின் இடத்தில் கில்பேர் சின்ன இருமல்களை வைத்துப் பாடினார். சொற்கள் இருந்ததைவிட இருமல் ஆபாசமாகிவிட்டது. சொல்லாமல் விட்ட இடம் என்ன செய்யும் என்பதை அவருக்கு யாரும் கோட்பாடாகச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

லொத்ரெக்கிடம் திரும்பலாம். 1894ல் கில்பேருக்காக ஒரு சுவரொட்டிக்கு மாதிரி வரைந்து அனுப்பினார். கில்பேர் அதை ஏற்கவில்லை; தன்னை இவ்வளவு கோரமாக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கடிதம் எழுதினார்; சுவரொட்டியை ஸ்டைன்லென் வரைந்தார். அதே வருஷம் லொத்ரெக் பதினாறு கல்லச்சுப் படங்களும் குஸ்தாவ் ஜெஃப்ருவாவின் கட்டுரையுமாக ஒரு ஆல்பமே கொண்டுவந்துவிட்டார். மங்கிய பச்சை மசியில் நூறு பிரதிகள். அட்டையில் ஆளே இல்லை. கழற்றிப் போட்ட கையுறைகள் மட்டும். போன வருஷம் தலையை எடுத்தவர் இந்த வருஷம் உடம்பையும் எடுத்துவிட்டார். கில்பேரின் வீட்டில் வழக்குப் போடலாம் என்ற பேச்சு எழுந்தது. அவர் போடவில்லை. நூறு பிரதிகளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இந்தக் கையெழுத்துதான் என்னை யோசிக்க வைக்கிறது. லொத்ரெக் ரசிகர்கள் இதை மேதைக்கு முன்னால் ஒரு பெண்ணின் அகம்பாவம் பணிந்த கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. கில்பேரும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். ‘ல ஸூலார்த்’ பாட்டில் தெருப்பிள்ளைகள் கல்லெறிந்து விரட்டும் குடிகாரக் கிழவியாக நின்றபோது அவர் தன் முகத்தைத் தானே கோரமாக்கிக்கொண்டார். கேட்டவர்கள் ஒரு சோக நாடகத்தைப் பார்த்த மாதிரி உறைந்தார்கள். வித்தியாசம் ஒன்றே: அந்தக் கோரம் அவர் விருப்பப்படி வந்தது, பாட்டு முடிந்ததும் போனது. லொத்ரெக் வரைந்தது போகவில்லை. கிழவிக்குக் கொடுத்த முகத்தை அவன் கில்பேருக்கே கொடுத்துவிட்டான். வேஷத்தின் கோரத்தைக் கலைஞரின் சொந்த முகமாக எழுதிவைக்க இன்னொரு கலைஞனுக்கு உரிமை உண்டா? உண்டு என்று படங்கள் சொல்கின்றன. அவை உயர்ந்த படங்கள். வலி நிஜம் என்று கடிதம் சொல்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை அடித்துவிட முடியாது.

இதே கேள்வி வேறு உருவத்தில், 37 வருஷம் கழித்து வியன்னாவிலிருந்து வந்தது. ஹிப்னாடிஸ மாநாட்டுக்காக 1889ல் பாரிஸ் போன ப்ராய்ட், ஷார்க்கோவின் மனைவி சொன்னதைக் கேட்டு கில்பேரைக் கேட்கப் போனார். அன்றிலிருந்து ரசிகர். கையெழுத்திட்ட கில்பேரின் புகைப்படம் அவர் அறையில் தொங்கியது. கில்பேர் வியன்னா வந்தால் போய்க் கேட்பார். 1931ல் கில்பேர் தன் கலையின் ரகசியம் என்னவென்று அவரிடம் விளக்கப் பார்த்தார்: நான் என்னை அப்புறப்படுத்திவிடுகிறேன், அந்த இடத்தில் பாட்டின் பாத்திரம் வந்து உட்காருகிறது. திதரோ நடிகனைப் பற்றிச் சொன்னதன் உறவுக்காரக் கருத்து. எலியட் 1919ல் கவிஞனைப் பற்றிச் சொன்னதும், நம்மில் பலர் வேதமாக ஓதியதும் இதுதான். ப்ராய்ட் மரியாதையோடு மறுத்தார். தன்னை அகற்றிவிட்டு எதைக் கொண்டு அந்தப் பாத்திரத்தைச் செய்வது? வளராமல் நின்றுபோன இயல்புகள், அமுக்கி வைத்த ஆசைகள் — இவைதாம் வேஷம் கட்டிக்கொண்டு வருகின்றன என்பது அவர் கட்சி. கில்பேரின் கணவர் மாக்ஸ் ஷில்லருக்கு எழுதிய கடிதத்தில் சாப்ளினை உதாரணம் காட்டினார்: அந்த மனிதர் திரும்பத் திரும்ப நடிப்பது தன் சிறுவயது அவமானத்தைத்தான் என்று.

யார் சொன்னது சரி? தையல் ஊசியோடு வளர்ந்த பெண் தெருக் கிழவியாக நின்றபோது, தான் ஆகியிருக்கக்கூடிய ஒருத்தியைத்தான் நிறுத்தினாள் என்று ப்ராய்டுக்குச் சாதகமாகச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சுலபமே என்னைச் சந்தேகப்பட வைக்கிறது. பசியோடு வளர்ந்த பாடகிகள் பாரிஸில் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்கும் அமுக்கிய ஆசைகள் இருந்திருக்கும். பொருள் எங்கிருந்து வந்தது என்பதை ப்ராய்ட் சொல்கிறார். அதை எப்படி ஒழுங்கு செய்தார் என்பதை கில்பேர் சொல்கிறார். பாட்டு எப்படிப் பாடுவது என்று அவர் 1918ல் நியூயார்க்கில் வெளியிட்ட புத்தகத்தில் தன் முகபாவங்களைப் புகைப்படங்களாகவே அச்சிட்டிருக்கிறார். மெக்கானிக் உதிரி பாகங்களைப் பரப்பி வைக்கிற மாதிரி. அமுக்கிய ஆசையைப் பற்றி ஒரு பேச்சில்லை. மூச்சு, நிறுத்தம், ஒரு சொல்லின் மேல் வெளிச்சம் எங்கே விழ வேண்டும் — அவ்வளவுதான். தன்னை அகற்றிவிட்டேன் என்று அவர் சொன்னது மனோதத்துவ உண்மையாக இல்லாமல் இருக்கலாம். வேலை செய்கிறவனுக்கு அது ஒரு உபாயம். கையை எங்கே வைப்பது என்று யோசிக்கிற நேரத்தில் தன் பால்யத்தை யோசிக்கக் கூடாது.

நூற்றாண்டு திரும்பும் சமயத்தில் சிறுநீரகக் கோளாறு, அறுவை சிகிச்சைகள். எழுந்து வந்தபோது உடம்பு பருத்திருந்தது. கையுறைகள் போயின, பழைய பாட்டுகளும் போயின. மத்திய காலப் பிரெஞ்சுப் பாடல்களைத் தேடி, ஏடுகளைப் புரட்டி, அந்தந்தக் காலத்து உடையில் பாடத் தொடங்கினார். இந்த இரண்டாம் பாதியை மரியாதைக்கு ஆசைப்பட்ட வீழ்ச்சி என்பவர்கள் உண்டு. ஓரளவு நியாயம், காலத்து உடை, காலத்து வாத்தியம் என்று போனால் அருங்காட்சியக வாடை வரத்தான் செய்யும். ஆனால் மரியாவும் சூசையும் பெத்லகேமில் தங்க இடம் கேட்டு வீடு வீடாக அலைகிற அந்தப் பழைய பாட்டின் பதிவைக் கேட்டால், கதவைச் சாத்துகிற விடுதிக்காரிகள் மொன்மார்த்ரிலிருந்து நேரே வந்தவர்கள். இனாம் கொடுத்த அந்த மனைவியின் குரல் அவர்களிடம் இருக்கிறது.

ஷில்லர் யூதர். ஜெர்மானியர் பிரான்ஸைப் பிடித்த பிறகு இருவரும் தெற்கே போய் ஒதுங்கினார்கள். 1944 பிப்ரவரியில் எய்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸில் கில்பேர் இறந்தார், பாரிஸ் விடுபடுவதற்கு ஆறு மாதம் முன்னால்.

முர்னோவின் ‘ஃபௌஸ்ட்’ படம் (1926) பிலிம் சொஸைட்டிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் மார்த்தாவாக வருவது இவர்தான். வயது 61. பெரிய உடம்பு. எமில் யானிங்ஸின் மெஃபிஸ்டோவிடம் காதலை எதிர்பார்த்துக் குழைகிற அத்தை. மௌனப் படம். சொல்வதையே கலையாக வைத்திருந்தவரின் வாய் அசைகிறது, சத்தம் வருவதில்லை. ஒவ்வொரு வாக்கியமும் எங்கே நிற்கிறது, எந்தச் சொல்லில் ஏறுகிறது என்பது மட்டும் தெரிகிறது. இந்தத் தடவை முகம் முழுசாகச் சட்டத்துக்குள் இருக்கிறது.