அரிய நாணயமா, அரிய எண்ணா?

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடித்த அமெரிக்க நாணயங்களை, புழக்கத்துக்கே போகாத புத்தம்புது நிலையில் தேடிச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு எண்களைப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். ஒன்று, எத்தனை அடித்தார்கள் என்பது. மற்றொன்று, தரச்சான்று நிறுவனம் கொடுத்த மதிப்பெண். இரண்டும் எவ்வளவு பெறும் என்று பார்ப்போம்.

1909இல் லிங்கன் சென்ட் வெளிவந்தது. வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னரின் பெயரெழுத்துகள் பின்புறத்தில் இருந்தன. எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் அவற்றை நீக்கிவிட்டார்கள். அதற்குள் சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலை அடித்தது 4,84,000 மட்டுமே. விஷயம் தெரிந்து பலரும் எடுத்துப் பதுக்கியதால், பளபளப்புக் குறையாத காசுகள் இன்றும் ஏலங்களில் தாராளமாக வருகின்றன. அதே நாணயச்சாலை 1926இல் அடித்த எருமை நிக்கல் என்ற ஐந்து சென்ட் காசு 9,70,000. ஏறக்குறைய இரு மடங்கு அடித்தும், அதைப் பத்திரப்படுத்த அதிகம் பேருக்குத் தோன்றவில்லை. ஆகவே நல்ல அச்சோடு புது நிலையில் அகப்படுவது அந்த சென்ட்டைவிட மிக அரிது. டென்வரில் 1927இல் அடித்த 20 டாலர் தங்க நாணயமோ 1,80,000. அரசு தங்க நாணயங்களை உருக்கியபோது தப்பி இன்று அறியப்பட்டவை இருபதைத் தாண்டாது. அடித்த கணக்கு வெறும் தொடக்கக் குறிப்பு. பிழைத்த கணக்குதான் அருமையைச் சொல்லும்.

மதிப்பெண்ணுக்கு வருவோம். 1 முதல் 70 வரையான அளவுகோலை நாணய ஆய்வாளர் வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்தது பழைய பெரிய சென்ட்டுகளுக்காக. 70 வாங்கிய காசு, 1 வாங்கியதைப்போல எழுபது மடங்கு விலை பெறும் என்பதே கணக்கு. விலைக்காகப் பிறந்த அந்த அளவுகோல்தான் இன்று அழகையும் அளக்கிறது. புழங்காத காசுக்கு 60 முதல் 70 வரை பதினொரு படிகள். ஒரு படி ஏறினால் விலை பல மடங்காகலாம். ஆனால் அந்தப் படியை முடிவு செய்வது மனிதக் கண்தான். அதே காசு மறுமுறை தரச்சான்றுக்குப் போனால் வேறு எண்ணோடு திரும்புவதும் உண்டு.

எண் சொல்லாததைக் கண் சொல்லும். மெர்குரி டைம் என்ற பத்து சென்ட் காசின் பின்புறத்தில் கோடரியோடு கட்டிய கழிக்கட்டு இருக்கும். அச்சு ஆழமாக விழுந்திருந்தால் நடுக்கட்டு இரண்டு கோடுகளாகத் தெளிவாகப் பிரிந்து நிற்கும். 66 வாங்கிய காசிலும் அது ஒட்டிக்கிடக்கலாம். விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் ஒளிப்பட்டை வட்டமாகச் சுழல வேண்டும். அமிலத்தில் அதிகம் முக்கியெடுத்த காசில் அது செத்துக்கிடக்கும்.

சான்றே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. 1916இல் டென்வர் அடித்த டைம் 2,64,000தான். சாதாரண பிலடெல்பியா காசில் டென்வரின் ‘டி’ எழுத்தை ஒட்டி ஏமாற்றுவது பழைய தொழில். அங்கே சான்று வாங்குபவரைக் காப்பாற்றுகிறது.

ஆகவே, அசலா போலியா என்பதற்குச் சான்றை நம்பலாம். கூடுதல் ஒரு படிக்காகப் பணத்தைக் கொட்டுவது வீண். மலிவாகக் கிடைக்கும் ஆண்டின் 67ஐவிட, பிழைத்தது சொற்பமான ஆண்டின், அச்சு முழுதாய் விழுந்த 64 மேலான சேகரிப்பு.