விருதும் வேலியும்

கட்டடம் எழுப்புவோருக்கு விருது வழங்கும் வழக்கம் புதிதன்று. உயரத்துக்கும் அழகுக்கும் உறுதிக்கும் பரிசுகள் என்றோ வந்துவிட்டன. இப்பொழுது இன்னொரு வகை விருது பல நாடுகளில் இடம்பெற்று வருகிறது. வீடமைப்புத் திட்டமோ நெடுஞ்சாலையோ துறைமுகமோ கட்டி முடிக்கப்படும்போது, அந்நிலத்தில் முன்பிருந்ததிலும் கூடுதலான செடிகொடிகளும் பறவைகளும் பூச்சிகளும் வாழ வழிசெய்தவர்களுக்குரிய விருது அது. பிரித்தானியாவின் கட்டுமானத் தொழில் ஆராய்ச்சி, தகவற் கழகம் 2013ஆம் ஆண்டில் இதற்கெனத் தனியொரு விருதுத் திட்டத்தைத் தொடங்கியது. இலங்கையிலும் சுற்றாடல் விருதுகள் உள்ளன. நாளை யாழ்ப்பாணக் குடாநாட்டில் எழும் ஒரு கட்டடத்துக்கும் இத்தகைய விருது கிடைக்கலாம். அந்த நாள் வருமுன்னரே நாம் சில கேள்விகளைக் கேட்டு வைப்பது நல்லது.

இம்முயற்சியை நாம் எள்ளி நகையாடவில்லை. நிலத்தைச் சதுர அடியாகவும் விலையாகவும் மட்டுமே கண்டவன், அதில் எத்தனை பறவை கூடு கட்டியிருந்தது என்று எண்ணிப் பார்க்கும் நிலைக்கு வந்தது ஒரு முன்னேற்றமே. ஆயினும் இலக்கியப் பரிசொன்று அறிவிக்கப்படும்போது நடுவர் யார், அளவுகோல் யாது என்று கேட்பவர்கள் நாம். அதே கேள்விகளை இங்கும் கேட்கவேண்டும். எந்த நாளிலிருந்து கணக்கு? எந்த எல்லைக்குள் கணக்கு? யாருடைய கணக்கு?

முதற் கேள்வியின் முக்கியத்துவத்தை இங்கிலாந்துச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. அங்கு 2024 பெப்ரவரி முதல் பெரிய கட்டுமானத் திட்டங்கள் உயிர்ப்பல்வகைமையைக் குறைந்தது 10 சதவீதம் பெருக்கிக் காட்டவேண்டும். அவ்வாறு உண்டாக்கிய வாழிடத்தை 30 ஆண்டுகள் பராமரிக்கவும் வேண்டும். அனுமதியின்றி நிலத்தை முன்கூட்டியே அழித்துவிட்டு, வெறுந்தரையில் நாலு மரம் நட்டுப் ‘பெருக்கம்’ என்று காட்டும் தந்திரத்தையும் அச்சட்டம் எதிர்பார்த்திருக்கிறது. 2020 சனவரி 30க்குப் பின்னர் அவ்வாறு அழிக்கப்பட்ட நிலமாயின், அழிவுக்கு முந்திய நிலையே அடிப்படையாகக் கொள்ளப்படும். ஆக, தொடக்க நாளை எங்கே வைப்பது என்பதே முழுக் கணக்கையும் தீர்மானிக்கிறது. முப்பது ஆண்டுகள் காத்திருந்து அறியவேண்டிய ஒன்றை ஆண்டுக்கொரு மேடையில் முடிவு செய்ய முடியுமா என்ற ஐயமும் உடன் எழுகிறது.

இந்த ஐயத்துக்கு நம் நாட்டின் அனுபவமே சான்று. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கைக் கரையோரங்களில் கண்டல் மரம் நடும் இயக்கம் பெருமளவில் நடந்தது. நட்டவர்கள் பலர், நின்று கவனித்தவர்கள் சிலர். 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு கசப்பான முடிவைக் கூறியது. நடுகை மேற்கொள்ளப்பட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் ஏறத்தாழ 200 முதல் 220 ஹெக்டேயரே தேறியது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை. பொருந்தாத நிலத்தைத் தேர்ந்தமையும், நட்டபின் பேணாமையும், கால்நடைகளின் மேய்ச்சலும் அத்தோல்விக்குக் காரணங்கள். கன்று நட்ட அன்றே விருது கொடுத்திருந்தால் அந்த ஒன்பது இடங்களும் விருது பெற்றிருக்கும்! 2024இல் இலங்கையின் கண்டற்காட்டு மீளுருவாக்க முயற்சியை ஐக்கிய நாடுகள் சபை உலக முன்மாதிரித் திட்டங்களுள் ஒன்றாக அறிவித்தது. மரத்தை மட்டும் நடாது, நிலத்தின் இயல்பை அறிந்து, கரையோர மக்களையும் சேர்த்துக்கொண்ட முயற்சி என்பதே அதற்குக் கூறப்பட்ட சிறப்பு. தோல்வியை மறைக்காது எழுதியதிலிருந்து பெற்ற பாடம் இது.

இனிக் குடாநாட்டுக்கு வருவோம். இங்கே தொடக்க ஆண்டு எது? வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய வளவுகள் உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டுப் பற்றைக்காடாயின; 2009க்குப் பின்னரே பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. தன் காணிக்குத் திரும்பும் குடும்பம் பற்றையை வெட்டிக் கிணற்றைத் தூர்வாரி ஒரு சிறு வீட்டைக் கட்டுகிறது. இன்றைய நிலையை அடிப்படையாகக் கொண்டால் அக்குடும்பம் உயிர்ப்பல்வகைமையை அழித்ததாகக் கணக்கில் ஏறும். அதே ஊரில் பரந்த நிலத்தை வாங்கி விடுதி கட்டி, புல்வெளியும் அல்லிக்குளமும் அமைத்த முதலாளியோ அதனைப் பெருக்கியவராவார். அகதியின் முப்பதாண்டுத் துயரத்தை இயற்கையின் வளமாக எழுதிக்கொள்ளும் அளவுகோல் நியாயமானதாகுமா? அளவுகோல் நடுநிலையானதென்று சொல்பவர் இக்கேள்விக்கு விடையளிக்கட்டும்.

அடுத்து, எதை எண்ணுவது என்ற கேள்வி. குடாநாட்டின் உயிர்வளம் சுண்டிக்குளத்துப் பறவைகளோடு முடிந்துவிடுவதில்லை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லாத இம்மண்ணில் மழைநீர் சுண்ணக்கல்லினூடே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராகத் தங்குகிறது. குளமும் கேணியும் தாழ்ந்த தரவையும் அந்நீர் இறங்கும் வாயில்கள். வளவைச் சுற்றி நின்ற உயிர்வேலியும் ஒரு வாழிடமே. கிளுவையும் பூவரசும் முள்முருக்கையும் வரிசையாக நின்ற அந்த வேலியில் புலுனியும் செண்பகமும் ஓணானும் வாழ்ந்தன. அதன் குழை ஆட்டுக்கு உணவாயிற்று, தோட்டத்துக்குப் பசளையாயிற்று. போருக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளைச் சூழச் சீமெந்து மதில்கள் எழுந்தன. வேலி போனது, வேலியோடு ஊருக்குள் தொடர்ச்சியாக நீண்டுகிடந்த பசுமைப் பாதையும் போனது. கட்டடத் திட்டம் எதிலும் ‘அழிவு’ என்று பதியப்படாத அழிவு இது. ஏனெனில் வேலியைக் காடென்று எவரும் கருதியதில்லை.

எல்லை பற்றிய கேள்வி இதைவிடக் கூர்மையானது. விருதுக்கு விண்ணப்பிப்போர் தம் காணிக்குள் நடந்ததையே காட்டுவார்கள். கட்டடமோ காணிக்குள்ளிருந்து முளைப்பதில்லை. அதன் மணல் வடமராட்சி கிழக்கின் மணற்காடு, அம்பன் பக்கத்து மணல் மேடுகளிலிருந்தும் வருகிறது. அதன் சீமெந்துக்கு எங்கோ ஒரு சுண்ணக்கல் மலை உடைக்கப்படுகிறது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றுபோனாலும், கல் அகழ்ந்த பள்ளங்கள் இன்றும் அதன் கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. முற்றத்தில் பத்து மரம் நட்ட கட்டடம், கடலை மறித்து நின்ற மணல் மேடொன்றைத் தின்றிருக்குமாயின் அது பெருக்கியதா, குறைத்ததா?

மூன்றாவது கேள்வி மனிதரைப் பற்றியது. பழைய ஊரை நாம் பொற்காலமாகப் பாடவில்லை. அந்த வேலிகளுக்குள் சாதிக் கொடுமையும் இருந்தது. கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமை மறுக்கப்பட்ட மக்களின் கதையை கே. டானியல் ‘தண்ணீர்’ நாவலில் எழுதினார். தூர்வாரி அழகுபடுத்தப்பட்ட குளம் எல்லாருக்கும் பொதுவாயில்லாவிடின், அதில் தாமரை மலர்ந்து என்ன பயன்? எனவே நடுவர் குழுவில் உயிரியலாளரோடு தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் அமரவேண்டும். நிறுவனத் தலைவர் மேடையில் விருது வாங்கும்போது, நாள்தோறும் அக்கன்றுக்கு நீரூற்றிய கூலித் தொழிலாளிக்கு எவ்வளவு கூலி கொடுக்கப்பட்டது என்பதும் மதிப்பீட்டில் இடம்பெறவேண்டும்.

இவற்றை வைத்து இன்றைய திட்டமொன்றைப் பார்க்கலாம். 2025 செப்டெம்பர் 1ஆம் நாள் மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நம் இளைஞர் தம் மண்ணில் விளையாடுவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அது கடல்நீரேரியை அடுத்த தாழ்ந்த தீவு. அங்கே மழைநீர் எவ்வழி வடியும், கரையோரக் கண்டலுக்கு என்ன நேரும், புல்தரைக்கு நன்னீர் எங்கிருந்து வரும் என்ற கேள்விகளுக்கு விடை முதல் மண் வெட்டப்படுமுன்னரே தேவை. அதற்குச் சட்டமும் உண்டு. தேசிய சுற்றாடல் சட்டம் 1980இல் பிறந்தது. 1988இன் திருத்தம், குறித்துரைக்கப்பட்ட திட்டங்களுக்குச் சுற்றாடல் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. சட்டம் கேட்கும் கணக்கைக் காட்டாதவர் பின்னர் விருதுக்குக் காட்டும் கணக்கை மக்கள் நம்பத் தேவையில்லை.

விருது வேண்டாமென்பது நமது முடிவன்று. கட்டி முடித்துப் பத்தாண்டு கழித்து, தொடக்க ஆண்டை வெளிப்படையாகக் கூறி, மணலும் கல்லும் வந்த இடத்தையும் சேர்த்தெண்ணி, ஊரவர் முன்னிலையில் வழங்கப்படும் விருதை நாம் மதிப்போம். அப்படியொரு விருது வருவதற்கு முதலிற் கணக்கு வேண்டும். அக்கணக்கு இன்று எவரிடமும் முழுமையாக இல்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் இதனைத் தொடங்கலாம். ஒவ்வொரு பாடசாலையும் தன் ஊரில் எஞ்சிய உயிர்வேலி எத்தனை, மூடப்பட்ட கேணி எத்தனை, மாரியில் நீர் தங்கும் தரவை எது, அங்கு வந்து போகும் பறவை எவை என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். மூத்தவர்களிடம் கேட்டு 1990க்கு முந்திய நிலையையும் அதிற் சேர்க்கட்டும். நாளை ஒரு நிறுவனம் தன் ‘பெருக்கத்தை’ அறிவிக்கும்போது, அதற்கெதிரே வைத்துப் பார்க்க மக்களிடம் ஒரு கணக்கு இருக்கும்.